மரமா? கல்லா? எலும்பா?

எங்க வீட்டுப் பூஜை மாடத்தில் உள்ளங்கை அளவு கல் ஒன்று இருக்கிறது. பாட்டி கல்யாணமாகி செங்கல்பட்டு வந்தபோது, திண்டிவனம் பக்கத்துப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பார்த்தால் விறகுத் துண்டு மாதிரி. தூக்கினால் என்ன கனம்! "வக்கராசுரன் எலும்புடா, கால் படக் கூடாது" என்பார் பாட்டி.

நண்பர்களே, அது கல்மரம்! விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் முழு அடிமரங்களே இப்படிக் கல்லாகிக் கிடக்கின்றன. சில 15 மீட்டர் நீளம். வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்.

மரம் எப்படிக் கல்லாகும்? சாதாரணமாக விழுந்த மரத்தைக் கரையான் அரிக்கும், இல்லாவிட்டால் மட்கிப்போகும். இந்த மரங்களை வெள்ளம் அடித்துவந்து மணலுக்குள் புதைத்துவிட்டது. காற்றுப் படாததால் சீக்கிரம் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா (மணலில் இருக்கிற அதே பொருள்தான்) மரத்தின் செல்களுக்குள் புகுந்து படிந்தது. மரப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகப் போக, அந்த இடத்தில் கல் உட்கார்ந்தது. வரி, கணு எல்லாம் அப்படியே தெரியும். வெள்ளம் கொண்டுவந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? எந்த மரத்திலும் வேரும் இல்லை, கிளையும் இல்லை. உருண்டு வந்ததில் ஒடிந்து போயிருக்கின்றன.

நம்ம மாமல்லபுரத்தில் இதற்கு நேர் எதிர். அங்கே இருப்பது என்றைக்கும் கல்தான். ஆனால் பல்லவச் சிற்பிகள் மரக் கட்டடம் போலவே ரதங்களைச் செதுக்கிவிட்டார்கள்!

திருவக்கரையில் சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கரகாளியம்மன் சந்நிதியும் உண்டு. வக்கராசுரனைத் திருமால் அழித்தார், அவன் தங்கை துன்முகியைக் காளி அழித்தாள், அந்த எலும்புகளே இந்தக் கற்கள் என்பது ஊர்க்கதை. முதலில் நான் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், இது முன்பு உயிரோடு இருந்த ஒன்று என்று அவர்கள் கண்டுகொண்டது சரிதானே! நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் கடல் உயிரியின் கல்லச்சுதான். அதையும் நாம் கும்பிடுகிறோம்.

திருவக்கரை கல்மரப் பூங்கா இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியச் சின்னம். அங்கிருந்து சின்னத் துண்டு கூட எடுக்கக் கூடாது. இதைப் பாட்டியிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. ஐம்பது வருஷமாகக் கும்பிட்ட கல்லாச்சே! சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அது அங்கேயே இருந்திருக்கணும்" என்றார்.

அரையாண்டு விடுமுறையில் பூங்காவில் கொடுக்கப் போகிறோம். கல்லை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். விளக்கு மட்டும் இன்னும் அதன் முன்னால்தான் ஏற்றுகிறார்.

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு