ஒலிவாங்கிக்கு ஒரு வாய்ப்பூட்டு

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 11 கி.மீ. தூரமே. ஒருநாள் அவ்வழியே காரில் செல்கையில் பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். அப்பா கையில் தொடாமலே ஒலிபெருக்கி வழியாகப் பேசினார். "சொன்னதையே சொல்வார்" என்று பின்னிருக்கையில் நான் முணுமுணுத்தது பெரியப்பாவுக்குக் கேட்டுவிட்டது. அப்பா தலைகுனிந்தார். ஒலிவாங்கியை மட்டும் நிறுத்த வழியுண்டா என ஆராய்ந்தேன்.

அதிலிருப்பது எலக்ட்ரெட் ஒலிவாங்கி. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் என்போர் இதனை உருவாக்கினர். இதனுள் இருக்கும் சிறு டிரான்சிஸ்டருக்குச் சில வோல்ட் நேர் மின்னழுத்தம் தேவை. குரலும் அதே கம்பியில் மாறு மின்னோட்டமாகச் செல்கிறது. எனவே கம்பியைத் துண்டித்துச் சுவிட்சு வைத்தால், அழுத்தம் திடீரென மாறி 'டப்' என்ற ஓசை எழும்.

ஆகவே, வெளியே செருகும் ஒலிவாங்கியின் இரு கம்பிகளுக்குக் குறுக்கே 47 மைக்ரோபாரட் மின்தேக்கியையும் சுவிட்சையும் தொடராக இணைக்க வேண்டும். மின்தேக்கியின் நேர்முனை ஒலிவாங்கியின் நேர்முனையோடு சேர வேண்டும். சுவிட்சை மூடினால் மின்தேக்கி நேர் மின்னோட்டத்தைத் தடுத்து, குரலை மட்டும் குறுக்கு வழியில் கழித்துவிடும். சுவிட்சின் இருமுனைகளுக்கிடையே 100 கிலோ ஓம் மின்தடை வைத்தால், மின்தேக்கி எப்போதும் மின்னேற்றத்துடன் இருக்கும், ஓசை எழாது.

ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் தொடும்படி சுவிட்சைப் பொருத்துவது அவசியம்.

அன்று இச்சுவிட்சு இருந்திருந்தால் பெரியப்பாவுக்குக் கேட்டிராது. ஆனாலும் நான் சொன்னது சொன்னதுதான். மறுநாளே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தோழியரே, நாவுக்குரிய சுவிட்சைக் கடையில் தேட வேண்டாம். அதை இறைவன் நம்மிடமே தந்திருக்கிறார்!