மரத்தை மாய்க்காமல் மருந்து

துளசி இலையைக் கிள்ளினால் சில நாட்களில் மீண்டும் துளிர்க்கும். ஆனால் ஒரு மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் அது பட்டுப்போகும். பசிபிக் யூ என்னும் மரத்திற்கு நேர்ந்த துன்பம் இதுவே.

அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மிக மெதுவாக வளரும் மரம் இது. இதன் பட்டையிலுள்ள ஓர் அரிய பொருளின் அமைப்பை மன்றோ வால் என்பவரும், நம் நாட்டில் பிறந்த மன்சுக் வானியும் 1971-ல் வெளியிட்டனர். பாக்ளிடாக்சல் எனப்படும் இப்பொருள், 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அங்கு ஒப்புதல் பெற்றது. ஆனால் 1 கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை வேண்டியிருந்தது! நோயாளியைக் காப்பதா, காட்டைக் காப்பதா? இரண்டையும் காக்க உதவிய வழிகளுள் ஒன்றே திசு வளர்ப்பு.

அது எவ்வாறு நடைபெறுகிறது எனக் காண்போம். முதலில் இளந்தண்டின் சிறு துண்டை நுண்கிருமிகள் நீங்கத் தூய்மை செய்வர். பிறகு சர்க்கரை, தாது உப்புகள், வைட்டமின்கள், ஆக்சின் போன்ற வளர்ச்சிப் பொருள்கள் கலந்த அகார் கூழின்மேல் வைப்பர். சில வாரங்களில் வேரோ இலையோ இல்லாத செல் திரள் தோன்றும். இதற்குக் காலஸ் என்று பெயர். இதை நீர்ம ஊடகத்திலிட்டு அசைத்துக்கொண்டே இருந்தால் செல்கள் பிரிந்து பெருகும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. செல்கள் நன்கு வளர்ந்தாலும் மருந்துப் பொருளை மிகக் குறைவாகவே தரும். ஏனெனில் இத்தகைய பொருள்கள் பல, தாவரம் பகைவரை எதிர்க்க உண்டாக்கும் படைக்கலங்கள். பகையில்லாத குடுவையில் படைக்கலம் எதற்கு? எனவே விஞ்ஞானிகள் மீத்தைல் ஜாஸ்மோனேட் என்னும் பொருளைச் சேர்த்தனர். பூச்சி கடித்தால் செடிக்குள் எழும் எச்சரிக்கைக் குறிப்புகளுள் இதுவும் ஒன்று. உடனே செல்கள் மருந்தை மிகுதியாக உண்டாக்கின. நம் பிச்சிப்பூவின் நறுமண எண்ணெயிலும் இப்பொருள் உண்டு என்பது வியப்பன்றோ!

பின்னர் ஜெர்மனியில் 75,000 லிட்டர் வரை கொள்ளும் கலன்களில் யூ செல்கள் வளர்க்கப்பட்டன. பட்டை உரிக்க வேண்டிய தேவை நீங்கியது.

எல்லாச் செடிகளும் இவ்வாறு இணங்குவதில்லை. நம் ஊர்களில் பூக்கும் நித்தியகல்யாணியின் இலைகளில் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் உள்ளன. அதன் செல்களைத் தனியே வளர்த்தால் இவை கிடைப்பது அரிது. இவை உருவாகும் படிகள் இலையின் வெவ்வேறு வகைச் செல்களில் நடப்பதே இதற்கு முக்கியக் காரணம். ஆகவே இன்னும் பெரும்பாலும் இலைகளையே நம்பியிருக்கிறோம். இந்தப் புதிரை விடுவிக்க, தாவரவியலையும் வேதியியலையும் சேர்த்துக் கற்போர் தேவை. மாணவியராகிய நாம் அப்பணிக்கு இன்றே ஆயத்தமாவோம்.