பாடத் தெரியும், படிக்கத் தெரியுமா?

நம்ம சமய வகுப்பில் தேவாரம் பாடுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரியும்? இந்த மாதப் பாடம் இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நான் உதவியாகப் போகிறேன். அங்கே ஆண்டு 4 படிக்கும் தம்பி ஒருவன் சம்பந்தர் பதிகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான். ராகம் பிசகாது. ஒரு நாள் திருமுறைப் புத்தகத்தை நீட்டி, "மூணாவது வரியில ரெண்டாவது சொல் எதுன்னு காட்டு தம்பி" என்றேன். முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்தான். விரல் எங்கேயோ போனது. "தெரியல அண்ணா" என்றான்.

அவன் எப்போதும் பார்த்துப் பாடியது ரூமி எழுத்தில் இருந்த தாளை. அதைத் தட்டச்சு செய்து புலனத்தில் அனுப்பியது நான்தான். பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்குமே என்று நினைத்தேன்.

ஏன் தடுமாறுகிறார்கள்?

அந்தத் தம்பி தமிழ்ப்பள்ளி மாணவன். எழுத்து தெரியும். ஆனால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பான். வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும், பொருள் எப்படி மனசில் நிற்கும்? 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். முதலில் கொம்பு, நடுவில் 'க', கடைசியில் கால். கண் மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் வாயில் ஒலி வரும். இது பழகப் பழகத்தான் வேகமாகும்.

ரூமித் தாள் அந்தப் பழக்கத்தையே தடுத்துவிடுகிறது. 'பலம்', 'பாலம்', 'பழம்' மூன்றையும் நம்மில் பலர் ரூமியில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். உச்சரிப்பும் போச்சு, எழுத்தும் போச்சு.

மனப்பாடம் ஒரு பலம்

1976-இல் அமெரிக்கக் கல்வியாளர் கேரல் சோம்ஸ்கி, படிக்கத் திணறிய 8 வயதுப் பிள்ளைகள் 5 பேரைப் பற்றி எழுதினார். அவர்களுக்கும் எழுத்து தெரியும், சரளம்தான் இல்லை. கதைகளை ஒலிநாடாவில் பதிவு செய்து கொடுத்தார். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கதை ஏறக்குறைய மனப்பாடம் ஆனது. அந்த மனப்பாடமே அவர்களைச் சரளமான வாசிப்புக்குக் கொண்டுபோனது.

நம்ம பிள்ளைகளிடம் அந்த மனப்பாடம் ஏற்கெனவே இருக்கிறது! அதை எழுத்தோடு சேர்ப்பதுதான் பாக்கி. அன்று ஒலிநாடா செய்த வேலையை இன்று கைத்தொலைபேசி செய்யும்.

நான்கு படிகள்

1. தமிழ் எழுத்திலேயே அனுப்புங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-லேயே வந்துவிட்டது. இனி 'தமிழில் தட்டச்சு செய்ய முடியல' என்று சொல்ல முடியாது. சொற்களைப் பிரித்து, பெரிய எழுத்தில், ஒரு தடவைக்கு ஒரு பாடல் போதும்.

2. கேட்டுக்கொண்டே விரல் வைக்கட்டும். தருமபுரம் ஆதீனத்தின் தேவாரம் இணையத்தளத்தில் பாடலும் பொருளும் ஓதுவார் குரலும் கிடைக்கும். யூடியூப் பதிவு என்றால் வேகத்தை 0.75 ஆகக் குறையுங்கள். குரல் எந்தச் சொல்லில் இருக்கிறதோ விரலும் அங்கேயே இருக்க வேண்டும்.

3. ஒலியை நிறுத்துங்கள். பிள்ளை பாடாமல், பேசுகிற மாதிரி படித்துத் தன் குரலைப் பதிவு செய்யட்டும். பிறகு எழுத்தைப் பார்த்தபடி அதைக் கேட்கட்டும். எங்கே தப்பு என்று பெரும்பாலும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

4. புதிய பக்கத்துக்குப் போங்கள். பாட்டில் வரும் சொற்களை இடம் மாற்றிக் காட்டிக் கேளுங்கள். அடுத்து, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். வயதைப் பார்த்து வெட்கப்படாமல் முதல் நிலையில் தொடங்கலாம்.

ஓர் எச்சரிக்கை

மூன்றாவது படியை நான் ஆரம்பத்தில் விட்டுவிட்டேன். தம்பி கேட்டான், ரசித்தான், ஆனால் ஒரு வரிகூடத் தானாகப் படிக்கவில்லை. அவனுக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி படித்துக்கொண்டிருந்தது. கருவி கைப்பிடித்து நடத்தலாம், ஆனால் கடைசி வரைக்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. ஒலியை எப்போது நிறுத்துவது என்று பார்க்க, பக்கத்தில் ஒரு அண்ணனோ அக்காவோ கட்டாயம் இருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து, கோயில் அறிவிப்புப் பலகை முன்னால் அந்தத் தம்பி நின்றுகொண்டிருந்தான். யாரும் படிக்கச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் படித்தான். ஒரு சொல்லைத் தப்பாகப் படித்து, நின்று, தானே திருத்திக்கொண்டான். எனக்கு அதுவே போதும்.

அந்தப் பழைய ரூமித் தாளை இப்போது தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். கொமுட்டரில் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வருவதற்குள் ஒரு பாடல் முடிந்துவிடுகிறது.

இந்த வாரப் பயிற்சி

• உங்கள் வகுப்பில் ரூமியில் இருக்கும் ஒரு பாடலைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள்.
• ஒரு தம்பி அல்லது தங்கையோடு தினமும் 10 நிமிடம் நான்கு படிகளையும் செய்யுங்கள்.
• வாரக் கடைசியில் பாட்டின் நடுவிலிருந்து ஏதாவது ஐந்து சொற்களைக் காட்டிக் கேளுங்கள். எத்தனை சரி என்று குறித்து வைத்து, அடுத்த வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.