மாலையில் ஒரு மணி நேரம்: வளரும் பிள்ளைகளும் ஊர் விளையாட்டும்



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறும் தடுப்பூசியும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெற்ற பிள்ளையை நல்லபடி ஆளாக்குவதும் குடும்ப நலமே. பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ள பருவம் மிக முக்கியமானது. அந்தப் பருவத்தில் ஊர் மைதானம் என்ன உதவி செய்ய முடியும் என்பதைச் சொல்லுவதே இந்தப் பிரசுரம். கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு வீட்டுப் பேச்சைக் கேளுங்கள்.

கணவன்: ஏ புள்ளே, பொழுது சாயுது. பெரியவ எங்கே?

மனைவி: பள்ளிக்கூடத்து மைதானத்துல கபடி பழக்கறாங்க. அங்கேதான் போயிருக்கா.

கணவன்: வயசுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. இன்னும் என்ன ஓடிப் பிடிச்சு ஆட்டம்? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? உங்க அண்ணன்கூட ஒரு மாப்பிள்ளை இருக்குன்னு நேத்து சொன்னாரு.

மனைவி: அவளுக்குப் பதினாறுதாங்க நடக்குது. எனக்கும் பதினாறுலதான் கட்டி வச்சாங்க. மூத்தது தங்கலே. நீங்க மறந்திருக்கலாம். நான் மறக்கலே.

கணவன் பதில் பேசவில்லை. இந்தப் பேச்சு எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. அந்தத் தாயின் பயம் நியாயமானது. ஏன் என்று பார்ப்போம்.

வளரும் உடம்புக்கு என்ன வேண்டும்?

இந்த வயதில் பிள்ளைகள் திடீரென்று உயருகிறார்கள். எலும்பு வலுப்பெறும் காலமும் இதுதான். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரி 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஆண், பெண் இருவருக்கும் இது பொது. "வீட்டு வேலை செய்யறாளே, அது போதாதா?" என்று கேட்கலாம். தண்ணீர்க் குடம் தூக்குவது வேலை. தோழிகளோடு சிரித்து ஓடுவது உடலுக்கும் மனசுக்கும் சேர்ந்த மருந்து.

ஓட வேண்டுமானால் ரத்தம் இருக்க வேண்டும். 2019-21 ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தது. வளரிளம் பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். சீக்கிரம் களைத்துப்போவது, மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, கண்ணின் உள்பக்கமும் நகமும் வெளுத்துப்போவது ஆகியவை ரத்தசோகையின் அடையாளங்கள். வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இது தெரியாது. மைதானத்தில் இரண்டு சுற்று ஓடினால் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். செவிலியரிடம் அழைத்துப் போங்கள்.

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கச் சொல்லுங்கள். உடனே டீ, காபி குடிக்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ஆண்டுக்கு இரு முறை தரும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, வெல்லம், நெல்லிக்காய் எல்லாம் நம் ஊரிலேயே கிடைப்பவைதாம்.

ஆட்டம் முடிந்ததும் பாடம்

மைதானத்துக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வருகிறார்கள். கூப்பிட்டு உட்கார வைத்தால் வராத கூட்டம் பந்தைப் போட்டால் வந்துவிடும். ஆட்டம் முடிந்து வியர்வை ஆறும் பதினைந்து நிமிடத்தில் ஒரு விஷயம் சொன்னால் மனதில் தங்கும். ஒரு வாரம் கை கழுவுவது, ஒரு வாரம் ரத்தசோகை, ஒரு வாரம் மாதவிலக்குச் சுத்தம், ஒரு வாரம் புகையிலை, ஒரு வாரம் திருமண வயது என்று முறை வைத்துக்கொள்ளலாம். கிராம சுகாதார செவிலியர், ஆசிரியர், ஊரில் படித்த பெண் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

இது வெறும் யோசனை அல்ல. கென்யா நாட்டில் நைரோபி நகரத்தில் உள்ள மதாரே என்ற குடிசைப் பகுதியில் 1987-ஆம் ஆண்டு இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். கால்பந்து ஆடும் ஒவ்வொரு அணியும் தங்கள் தெருவில் குப்பை அள்ளிச் சாக்கடையைச் சுத்தம் செய்ய வேண்டும். பந்தயத்தில் ஜெயித்தால் புள்ளி கிடைப்பதுபோல் சுத்தம் செய்தாலும் புள்ளி கிடைக்கும். பிறகு எய்ட்ஸ் நோய் பற்றிய பாடத்தையும் அதே பிள்ளைகள் தங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஊரிலும் "வாரம் ஒரு நாள் குடிநீர்த் தொட்டியைச் சுற்றிச் சுத்தம் செய்த அணிக்கு இரண்டு புள்ளி" என்று வைத்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

பெண்பிள்ளை ஆடலாமா?

தாராளமாக ஆடலாம். கபடி நம் மண்ணின் ஆட்டம். பெய்ஜிங்கில் 1990-இல் நடந்த ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடியும், குவாங்சௌவில் 2010-இல் பெண்கள் கபடியும் சேர்க்கப்பட்டன. பெண்கள் ஆட 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள தரை போதும். அணிக்கு ஏழு பேர். மட்டையோ வலையோ வேண்டாம்; கல்லும் முள்ளும் பொறுக்கிய மண்தரைதான் வேண்டும்.

"மாதவிலக்கு நாளில் ஆடினால் கர்ப்பப்பை கெடும்" என்பது தவறு. உடம்புக்கு முடிந்தால் ஆடலாம், முடியாவிட்டால் உட்காரலாம். அது அவள் இஷ்டம். சுத்தமான துணியோ நாப்கினோ தேவையான அளவு கொடுங்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் கழிப்பறையும் தண்ணீரும் இருக்கும்படி பாருங்கள்.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகாமல் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். நடத்தி வைத்தவருக்கும், தடுக்காத பெற்றோருக்கும் இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சட்டம் இருக்கட்டும், உடம்பைப் பாருங்கள். முழுதாக வளராத உடம்பில் கரு தங்கினால் தாய்க்கு ரத்தசோகையும் இசிவும் வரும் ஆபத்து அதிகம். குழந்தை குறைமாதமாக, எடை குறைவாகப் பிறக்கும் ஆபத்தும் அதிகம். "மூத்தது தங்கலே" என்று அந்தத் தாய் சொன்னதன் பின்னால் இருப்பது இதுவாக இருக்கலாம்.

அணியில் ஆடும் பெண்ணுக்கு ஒரு கூட்டம் துணை இருக்கிறது. அவள் இரண்டு நாள் வரவில்லை என்றால் தோழிகளும் ஆசிரியரும் "ஏன் வரலே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே எத்தனையோ அவசரக் கல்யாணத்தை நிறுத்தக்கூடியது.

ஆண்பிள்ளைக்கு என்ன?

பாலத்துக் கட்டையில் செல்போனோடு உட்காரும் பையனைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பாக்கு, பிறகு பீடி, பிறகு சாராயம் என்று பழக்கம் ஏறிக்கொண்டே போகும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தோடு மாலை நேரத்துக்கு ஒரு வேலையும் வேண்டும். தோற்றுப்போனாலும் எதிரணிக்குக் கை கொடுக்கவும், நடுவர் சொன்னால் கேட்கவும், கோபத்தை அடக்கவும் மைதானம் பழக்குகிறது. நாளைக்கு அவன் ஒரு பெண்ணின் கணவன். இந்தக் குணம் வீட்டுக்கும் வேண்டும்.

உடல் ஊனமுற்ற பிள்ளையை ஒதுக்காதீர்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, சிறு வயதில் பஸ் ஏறி வலது கால் ஊனமானவர். தாய் காய்கறி விற்று வளர்த்தார். உயரம் தாண்டுதலில் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிசில் வெண்கலம் வாங்கினார். பள்ளியில் அவரை ஊக்கப்படுத்தியவர் உடற்பயிற்சி ஆசிரியர்.

ஒன்றை மறைக்காமல் சொல்லுகிறோம். ஆடுகிற எல்லாப் பிள்ளைக்கும் மெடலும் அரசு வேலையும் கிடைக்காது. படிப்பை விட்டு ஆட்டம் வேண்டாம். ஆட்டத்தை நிறுத்தினால் படிப்பு தானாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் நேரம் உண்டு.

ஊரில் தொடங்குவது எப்படி?

1. ஊராட்சித் தலைவரிடமும் தலைமை ஆசிரியரிடமும் நாலைந்து தம்பதியர் சேர்ந்து போய்க் கேளுங்கள். கிராம சபையில் பேசுங்கள். ஊராட்சிக்குத் தரப்பட்ட விளையாட்டுச் சாமான் பூட்டிக் கிடந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

2. வெயில் தாழ்ந்த பிறகு ஆட்டம். இருட்டுவதற்குள் வீடு. பெண்பிள்ளைகளுக்கு வேண்டுமானால் நேரத்தைத் தனியாக வையுங்கள்.

3. குடிதண்ணீர் அருகில் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலையாவது கொடுங்கள்.

4. சுளுக்கினால் உருவி நீவக் கூடாது. ஓய்வு கொடுத்து, குளிர்ந்த துணி சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். வீக்கம் அதிகமானாலும் ஊன்ற முடியாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

5. மைதானத்தில் பெற்றோரில் இருவர், அதில் ஒரு பெண், தினமும் முறை வைத்து இருங்கள். பழக்குபவர் எவரானாலும் பிள்ளையைத் தனியே அழைத்துப் போக விடாதீர்கள். பிள்ளை எதையாவது சொன்னால் நம்புங்கள். அவசரத்துக்கு 1098 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

6. மகள் மைதானத்துக்குப் போன நேரத்தில் தண்ணீர் எடுப்பது யார்? மகன் எடுக்கட்டும். அவன் போகும் நாளில் அவள் எடுக்கட்டும். அப்பாவும் ஒரு கை கொடுக்கலாம்.

மறுநாள் சாயந்திரம் அதே வீட்டில் நடந்த பேச்சு இது:

கணவன்: அவ எத்தனை மணிக்கு வருவா?

மனைவி: ஆறு மணிக்குள்ளே வந்துடுவா. ஏன் கேக்கறீங்க?

கணவன்: நான் போய்ப் பாத்துட்டு அப்படியே கூட்டிட்டு வரேன். உங்க அண்ணன் வந்தா, இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்னு நான் சொன்னதாச் சொல்லு.

தம்பதியரே! நீங்கள் இருவரும் ஒரே பேச்சாக நின்றால் பிள்ளையின் வாழ்வு நிமிரும். மேலும் விவரம் அறிய உங்கள் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள்.

ஓடி ஆடும் பிள்ளை, உறுதியான குடும்பம்!