பசும்பாலில் பனீர் தயாரித்தல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் பால் மிகுந்தால் தயிராக்கிக் கடைந்து வெண்ணெய் எடுப்பதே வழக்கம். ஊத்துக்குளி வெண்ணெய் இவ்வாறு பெயர் பெற்றது. பாலைத் திரித்துக் கட்டியாக்கும் பழக்கம் இங்கு மரபாக இருந்ததில்லை. வங்காளத்தில் பசும்பாலைத் திரித்து, சிறு வில்லைகளாக்கி, உப்பிட்டு, புகையூட்டியும் விற்கின்றனர். இது ‘பாண்டெல்’ பாலாடைக்கட்டி எனப்படும். நம் சிறு விவசாயிகள் எளிதில் செய்யக்கூடியது பனீர்.

செய்முறை

கறந்த புதுப்பாலையே பயன்படுத்த வேண்டும். தானாகத் திரிந்த பாலும், மடிநோய் கண்ட மாட்டின் பாலும், மருந்து கொடுத்துவரும் மாட்டின் பாலும் உதவா.

5 லிட்டர் பாலை அடிப்பிடிக்காமல் கிளறி, 90 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சி, 80 டிகிரிக்கு ஆறவிடவும். 10 கிராம் சிட்ரிக் அமிலத்தை 1 லிட்டர் வெந்நீரில் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றி மெதுவாகக் கிளறவும். பால் திரிந்து, வெளிர்பச்சை நிறத் தெளிநீர் பிரிந்தவுடன் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அமிலம் மிகுந்தால் புளிப்பு ஏறும்.

5 நிமிடம் கழித்து, வெந்நீரில் அலசிய மெல்லிய துணியில் வடிகட்டி, மூட்டையாகக் கட்டி, பலகையின் மேல் எடை வைத்து 20 நிமிடம் அழுத்தவும். பிறகு குளிர்ந்த நீரில் 2 மணி நேரம் போட்டு வைத்தால் கட்டி இறுகும். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். அந்தப் பனீர் கெட்டியாக இருக்கும். பசும்பால் பனீர் சற்று மிருதுவாக இருப்பது இயல்பே.

வரவு செலவு

5 லிட்டர் பசும்பாலில் 700 முதல் 800 கிராம் பனீர் கிடைக்கும். அதாவது ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7 லிட்டர் பால் தேவை. அந்த 7 லிட்டருக்குச் சங்கத்தில் கிடைக்கும் தொகையோடு எரிபொருள், அமிலம், கூலி ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ பனீரின் விற்பனை விலை இதைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே லாபம். இல்லையேல் பாலாக ஊற்றுவதே மேல்.

பனீரைக் குளிர்பெட்டியில் வைத்து, 3 நாட்களுக்குள் விற்றுவிட வேண்டும். ஆகவே உணவு விடுதி, திருமண வீடு ஆகியவற்றில் முன்கூட்டியே கேட்டறிந்து, தேவையான அளவே தயாரிப்பது நல்லது. வடித்த தெளிநீரைச் சப்பாத்தி மாவு பிசையவும், மாட்டுத் தீவனத்தில் சிறிதளவு கலக்கவும் பயன்படுத்தலாம். விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெறுவது அவசியம்.

முதலில் 5 லிட்டரில் செய்து பார்த்து, கணக்கு எழுதி, பின்னர் அளவைக் கூட்டினால் நட்டத்தைத் தவிர்க்கலாம்.