சொல்லிவிட்டவர் பெயரும் உன் சம்பளமும்

திருப்பூர்

அன்புள்ள அம்மிணி கயலுக்கு,

"அக்கா சொல்லித்தான் இன்டர்வியூவே வந்துச்சு பெரியப்பா, அதுல போய்ச் சம்பளம் பேசினா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டாய். பஸ் இரைச்சலில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

நான் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மெஷின் ஓட்டிய காலத்தில், ஊரிலிருந்து பங்காளி பையன் ஒருவனைக் கைமடிக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். முதலாளி அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "உன் பொறுப்பு" என்றார், அவ்வளவுதான். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. அந்த வருஷம் பீஸ் ரேட்டைக் கூட்டிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வங்கதேச ஆடை ஆலைகளில் இதையே ஆராய்ந்து ரேச்சல் ஹீத் என்ற பொருளாதார அறிஞர் 2018-இல் எழுதியிருக்கிறார். கூட்டிவந்த ஆள் சரியில்லை என்றால் கூட்டிவந்தவர் சம்பளத்திலும் அது விடிகிறதாம். படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டுமா?

ஆக, சிபாரிசு ஒரு ஜாமீன். அக்கா உனக்கு ஜாமீன் நின்றது நீ ஒழுங்காக வேலை பார்ப்பாய் என்பதற்கு. மலிவாக வருவாய் என்பதற்கு இல்லை. உன்னால் கம்பெனிக்கு விளம்பரச் செலவும் ஏஜென்சி கமிஷனும் மிச்சம். தெரிந்தவர் மூலம் வந்தவர்கள் சட்டென்று விட்டுப் போவதில்லை என்பதும் கம்பெனிக்குத் தெரியும். அமெரிக்கப் பெரிய கம்பெனி ஒன்றின் கணக்கைப் புரட்டிப் பார்த்ததில், சிபாரிசில் சேர்ந்தவர்கள் தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கியிருக்கிறார்கள். வருஷம் போகப் போக அந்தக் கூடுதல் கரைந்துவிட்டது. அதனால் கேட்பதைச் சேரும்போதே கேள்.

எவ்வளவு கேட்பது? அதையும் அக்காவிடமே விசாரி. நீ சேரும் கிரேடுக்கு என்ன தருகிறார்கள் என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து விண்ணப்பம் போடுகிறவனுக்கு இல்லாத வசதி உனக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறாய்.

நாளைக்கு உன்னிடமும் ஆள் கேட்பார்கள். அப்போது யாரைச் சொல்வது என்று யோசித்துச் சொல். கொல்கத்தாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். கூட்டிவரும் ஆளின் திறமையைப் பொறுத்துத்தான் பணம் என்றதும், சொந்தக்காரர்கள் குறைந்து, கூட வேலை பார்த்தவர்கள் அதிகம் வந்தார்களாம். மலாவி நாட்டில் ஆண்களிடம் ஆள் கேட்டபோது பெரும்பாலும் ஆண்களையே அனுப்பினார்கள், தகுதியான பெண்கள் தெரிந்திருந்தும். நானும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துவிட்டேன், அத்தனையும் நம்ம ஊர்ப் பையன்கள். ஓவர்லாக் நன்றாக ஓட்டும் பெண் ஒருத்தி எதிர் வீட்டிலேயே இருந்தாள். அவள் ஞாபகமே எனக்கு வரவில்லை.

வியாழக்கிழமைக்குள் அக்காவிடம் பேசிவிடு. நீ சொல்லப்போகும் தொகையை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. குறைவாக இருந்தால் உடனே கூப்பிட்டுத் திட்டுவேன்.

உன் பெரியப்பா