ஓசையைப் பெருக்கும் இரு விசைகள்

நுண்ணிய மின்னலையை வலியதாக்கி ஸ்பீக்கரை இயக்கும் கருவி ஆம்பிளிபயர் எனப்படும். அதன் உறுப்புக்களுள் ஸ்பீக்கரோடு நேரே தொடர்புடையது ஈற்றுநிலை. இந்நாளில் கைப்பேசி முதல் பேரரங்குகளின் ஒலிக்கருவி வரை பெரிதும் வழங்குவது ‘டி’ வகுப்பு ஆம்பிளிபயர். ‘டி’ என்பதை ‘டிஜிடல்’ என்னும் சொல்லின் முதலெழுத்தாகச் சிலர் கருதுவர், அது பொருந்தாது. ஏ, பி, சி என முன்னர்ப் பெயர்பெற்ற வகுப்புக்களை அடுத்து வந்தமையால் அப்பெயர் பெற்றது. அதன் ஈற்றுநிலை தொழிற்படுமாற்றை ஈண்டு யாம் சுருக்கி உரைப்பாம்.

முதற்கண், முந்தைய முறையின் குறையை அறிதல் வேண்டும். அம்முறையில் டிரான்ஸிஸ்டர் பாதி திறந்த மதகை ஒக்கும். மின்வழங்கி 48 வோல்ட் தருவது; ஸ்பீக்கரின் தடை 8 ஓம்; ஒரு கணத்தில் ஸ்பீக்கருக்கு வேண்டுவது 24 வோல்ட் எனக் கொள்வோம். அக்கணத்தில் 3 ஆம்பியர் மின்சாரம் ஓடும். எஞ்சிய 24 வோல்ட்டை டிரான்ஸிஸ்டரே தாங்குதலின், அதன்கண் 72 வாட் வெப்பமாய் வீணாகும். ஸ்பீக்கர் பெறுவதும் அவ்வளவே!

இனி, மதகை முற்றத் திறந்தோ, முற்ற அடைத்தோ வைப்பின் யாதாகும்? அடைத்தவழி ஓட்டம் இல்லை. திறந்தவழி வோல்ட் வீழ்ச்சி மிகச் சிறிது. வெப்பம் இவ்விரண்டின் பெருக்கமாதலின் ஈரிடத்தும் சிறிதேயாம். திறந்த மாஸ்பெட் டிரான்ஸிஸ்டரின் தடை 0.02 ஓம் எனின், 3 ஆம்பியர் ஓடும்போது வீணாவது 0.18 வாட்டே. நிலைமாறும்போது நேரும் இழப்பையும் கூட்டினும், ஆற்றலில் 90 விழுக்காடு வரை ஸ்பீக்கரை அடைதல் கூடும்.

அற்றேல், திறத்தலும் அடைத்தலும் மட்டுமே அறிந்த விசை ஏறியிறங்கும் இசையலையை எங்ஙனம் தரும்? கால அளவினால் தரும் என்க. எளியதோர் அமைப்பைக் காண்போம். இதன்கண் மாஸ்பெட் விசைகள் இரண்டு உள. மேல்விசை +48 வோல்ட்டையும், கீழ்விசை -48 வோல்ட்டையும் மாறிமாறி வெளிவிடும். இவ்வட்டம் நொடிக்கு 4,00,000 முறை நிகழ்வதாகக் கொள்க. இரண்டும் சரிபாதிக் காலம் திறந்திருப்பின் சராசரி சுழியாகும். மேல்விசை முக்காற்பங்கும் கீழ்விசை காற்பங்கும் திறந்திருப்பின், 36-இல் 12 நீங்க, சராசரி 24 வோல்ட் ஆகும். இசையலையை விரைந்த முக்கோண அலையொன்றோடு ஒப்பிட்டு, இசை மேற்படும் பொழுதெல்லாம் மேல்விசையைத் திறப்பதால் இப்பங்கு அமைகின்றது.

குயவன் கோல்கொண்டு இடைவிட்டுத் தள்ளினும் திகிரி இடையறாது சுழல்வதைக் கண்டிருக்கிறோம். அங்ஙனமே, விசைகளின் துடிப்பைக் கம்பிச்சுருளும் கபாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி சீராக்குகின்றது. மனிதச் செவிக்கு எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். வடிகட்டியின் எல்லையை 40,000 என வைப்பின், அதனிற் பத்துமடங்கான துடிப்பு நூற்றிலொரு பங்காய்த் தேய, இசை குறைவின்றிச் செல்லும்.

இவ்வமைப்பின் உயிர்நிலை ஒன்று உண்டு. இரு விசைகளும் ஒருங்கே திறந்துவிடின், மின்வழங்கியின் இருமுனைகளும் நேரே இணைந்து, விசைகள் கணத்தில் கருகிவிடும். ஆதலின் ஒன்று அடைத்தபின்னரே மற்றொன்று திறக்குமாறு இடையே சிறுபொழுது விடப்படுகின்றது. அவ்விடைப்பொழுது நீளினும் கேடு உண்டு. அப்போது வெளிவரும் வோல்ட்டை நிறுவுவது சுருளில் ஓடும் மின்சாரத்தின் திசையே. அங்கே இசையின் ஆணை செல்லாது. 2.5 மைக்ரோ நொடி வட்டத்தில் 25 நானோ நொடி நூற்றிலொரு பங்காதலின், அச்சிறுபிழையும் ஓசையைத் திரிக்க வல்லது. குறைந்தால் கருவிக்கு அழிவு. மிகுந்தால் இசைக்கு ஊறு.

1964-இல் இங்கிலாந்தில் சிங்கிளேர் நிறுவனம் இம்முறையில் எக்ஸ்-10 என்னும் ஆம்பிளிபயரை விற்பனைக்குக் கொணர்ந்தது. அந்நாளைய டிரான்ஸிஸ்டர்கள் போதிய விரைவில் நிலைமாற மாட்டாமையின் இம்முறை அப்போது வேரூன்றவில்லை. விரைந்து திறந்தடையும் மாஸ்பெட்டுகள் வந்த பின்னரே அது பரவிற்று. பௌதிகம் பயிலும் நண்பர்கள் அலைகாட்டியில் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இவ்வலையை நோக்குவாராயின், சதுரத் துடிப்புக்களிலிருந்து இசை பிறக்கும் விந்தையைக் கண்கூடாகக் காண்பர்.